ஆப்பிள் வற்றல்

ஒருவருக்கு உடம்பு சுகமில்லை என்ற செய்தி ஊரில் பரவிய மறுநாளே அவர் வீட்டில் ஆப்பிள் பழங்கள் வந்து குவியத் தொடங்கும் என்பது நம்மவரிடையே எழுதப்படாத சாஸ்திரம். ஜுரம் விட்டதா, நாக்குக்கு ருசி திரும்பியதா என்றெல்லாம் விசாரியாமல், பார்க்க வருகிற பந்துமித்திரர் ஒவ்வொருவரும் ஒரு பை ஆப்பிளைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, இதே வியாதியால் காலஞ்சென்ற தம் உறவினர் ஒருவரின் சரித்திரத்தையும் விஸ்தாரமாகச் சொல்லிவிட்டே விடைபெறுவார்கள். ஆவணியில் எனக்கு டைபாய்டு கண்டு தெளிந்தது. நோய் நீங்கிற்று, ஆப்பிள் நீங்கவில்லை.

எங்கள் அத்தை எதையும் வீணாக்கச் சம்மதியாதவர். சுண்டைக்காய், மணத்தக்காளி, கொத்தவரங்காய் யாவும் அவர் கையால் வற்றலாகி ஜாடி புகுந்தவை. மிஞ்சிய பழைய சாதம்கூட அவரிடம் வடாமாகப் புனர்ஜன்மம் எடுக்கும். "வத்தல் போட்டுடலாம்" என்று அவர் தீர்ப்பளித்தபோது, நான் ஆப்பிளின் குலப்பெருமையை எடுத்துரைத்துத் தடுத்துப் பார்த்தேன். ஸாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1904-இல் இந்தியாவுக்கு வந்து, சிம்லாவுக்கு அப்பால் கோட்கட் மலையில் குடியேறி, 1916-இல் தம் தேசத்து உயர்ந்த ஜாதி ஆப்பிள் கன்றுகளைத் தருவித்து நட்டதையும், ஒத்துழையாமை இயக்கத்தில் சிறை சென்றதையும், பின்னர் ஹிந்துவாகிச் சத்தியானந்தர் என்று பெயர் பூண்டதையும் சாங்கோபாங்கமாகச் சொன்னேன். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவ்வளவு பெரிய மனுஷரே மாறினப்போ, ஆப்பிள் வத்தலானா என்ன குறைஞ்சு போறது?" என்றார். இதற்குப் பதில் சொல்ல எந்தச் சரித்திர நூலும் எனக்கு உதவவில்லை.

ஆப்பிளைக் குறுக்காக அரிந்தால், ஒவ்வொரு வில்லையின் நடுவிலும் விதையறைகள் ஐந்து முனை நட்சத்திரமாகக் காட்சியளிக்கும். அந்த அழகை ரசித்து நிற்க அவகாசமில்லை. காற்றுப் பட்டதும் பழத்திலுள்ள நொதி வேலையைத் தொடங்க, வெண்ணிறம் காவியாகி, காவி கறுப்பை நாடத் தொடங்கிவிடும். கடைகளில் வெள்ளை வெளேரென்று விற்கப்படும் உலர்ந்த ஆப்பிள் பெரும்பாலும் கந்தகப் புகையின் பிரசாதம். எலுமிச்சஞ்சாற்றில் தோய்க்க வேண்டும் என்பது என் மனைவியின் புத்தக ஞானம். வாழைப்பூவுக்கும் வாழைத்தண்டுக்கும் செய்வதுபோல மோர்த்தண்ணீரில் போட்டால் போதும் என்பது அத்தையின் அனுபவ ஞானம். இரண்டும் புளிப்பே ஆகையால், இரண்டு கட்சியாரும் தத்தம் பாத்திரத்தில் ஜயம் பெற்றனர்.

வில்லைகளை நூலில் கோத்துக் கொடியில் தொங்கவிட்டபோது, ஆஞ்சநேயருக்குச் சாத்திய வடைமாலையைப் போலவே இருந்தது. மீந்தவை மாடியில் என் பழைய வேஷ்டியின்மேல் பரப்பப்பட்டன. அதற்குள் புரட்டாசி பிறந்துவிட்டது. மலையில் ஆப்பிள் பழுத்துச் சென்னைக்கு வந்து சேரும் காலமும், நம் வெயில் நம்பிக்கைக்குரிய தன்மையை இழக்கும் காலமும் ஒன்றாக அமைந்தது இயற்கையின் குறும்பு என்றே கருதுகிறேன். பொன்னுருகக் காய்ந்து மண்ணுருகப் பெய்யும் அந்த மாதத்தில், பகலெல்லாம் காய்ந்த பண்டம் மாலையில் பழைய ஈரத்தை வட்டியுடன் திரும்பப் பெறும். கீழ்வானில் ஒரு கருமேகம் தலைகாட்டினால் போதும், காவலுக்கு நியமிக்கப்பட்டிருந்த நான், டைபாய்டில் இளைத்த கால்களுடன் வேஷ்டியை நான்கு மூலையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு மாடிப்படி இறங்குவேன்.

காகங்களையாவது விரட்டலாம் என்றால், அது மஹாளய பக்ஷம். குச்சியை ஓங்கிய என் கையை அத்தை பிடித்துக்கொண்டார். "பித்ருக்கள்டா! நம்ம பெரியவாளெல்லாம் ஆப்பிளைக் கண்ணால கண்டதில்லை, திங்கட்டும்." மூன்று தலைமுறைப் பெரியவர்களும் அன்று திருப்தியாகவே புசித்தார்கள்.

பித்ருக்களுக்கும் அணில்களுக்கும் போக எஞ்சியது, மடக்கினால் முறியாமல், பிய்த்தால் ஈரம் கசியாமல், பதமாக உலர்ந்தது. ஒரு கிலோ ஆப்பிளில் ஏறக்குறைய 850 கிராம் நீரே என்பதால், அத்தனை கூடைப் பழமும் ஊறுகாய் ஜாடி ஒன்றில் அடக்கமாக உட்கார்ந்துகொண்டது. ஐப்பசி அடைமழையில் அத்தை அதை நல்லெண்ணெயில் வதக்கி வற்றல்குழம்பு வைத்தார். புளியும் காரமும் ஏறியும் ஆப்பிள் தன் தித்திப்பைக் கைவிடச் சம்மதிக்கவில்லை. சுட்ட அப்பளம் எவ்வளவோ சமாதானம் செய்தும் பயனில்லை. குழம்புக்குச் சுண்டைக்காயே சிரேஷ்டம். வெறும் வாயில் மென்று தின்பதற்கு மட்டும் ஆப்பிள் வற்றல் வெகு நேர்த்தி.