குடி, கூடு, குடம்பை: ஒரு சொல்லாய்வு

‘குடி’ என்னும் சொல் யாருக்கெல்லாம் பொருந்தும் என்று துணிவதே இவ்வாய்வின் நோக்கம். களம்: இரண்டாம் மாடியில் ஒரு வாடகை வீடு. தகவலாளிகள்: வீட்டுக்கார அம்மா, ஒரு ஜோடி மாடப்புறா.

1. சொல். மனிதர் கூடித் தங்கிய இடம் குடி. காரைக்குடி, மன்னார்குடி, பரமக்குடி என ஊரளவில் சான்றுகள் உண்டு. வந்தால் குடியேற்றம், இருந்தால் குடித்தனம், கொடுத்தால் குடிக்கூலி. பருகுவதும் குடியே என்பதால் குழப்பம் நேரலாம். “குடியிருக்க வர்றவங்களுக்குக் குடி இருக்கக் கூடாது” என்பது தகவலாளியின் முதல் நிபந்தனை. ஓர் இடைவெளிக்குள் இவ்வளவு இலக்கணம்!

2. பிற உயிர்கள். பரணில் எலி ‘குடித்தனம் நடத்துகிறது’; அதற்குப் பொறி. சுவிட்ச் போர்டு ஓரம் குளவி மண்ணைக் குழைத்துக் கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்பார்கள். அதற்குப் பொறி இல்லை. காக்கைக் கூட்டில் முட்டையிட்டு நழுவும் குயிலை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பது தனி ஆய்வுக்குரியது.

3. உரைமரபு. பழந்தமிழில் கூட்டுக்குக் ‘குடம்பை’ என்றும் பெயர். 338ஆம் குறளில் வரும் குடம்பையைப் பரிமேலழகர் கூடு என்று கொள்ளவில்லை, முட்டை என்றார். விட்டுப் போன பறவை கூட்டுக்குத் திரும்பி வரும். முட்டைக்குள் திரும்பப் புகாது என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று. இந்த அளவுகோலை நீட்டிப் பார்த்தால், காலி செய்த வாடகை வீட்டுக்குள் மீண்டும் புக முடியாது. ஆகவே வாடகை வீடு, கூடு அன்று, முட்டை.

4. களச்சான்று. மார்கழியில் புறா எங்கள் குளியலறை வென்டிலேட்டரில் நாலு விளக்குமாற்றுக் குச்சியும் ஒரு கம்பித் துண்டும் போட்டு, இரண்டு முட்டை வைத்தது. அட்வான்ஸ் கொடுக்கவில்லை, பாலும் காய்ச்சவில்லை. கலைக்க அனுமதி கேட்டேன்.

“பாவம் தம்பி, வாயில்லா ஜீவன். பறந்து போனாலும் திரும்ப இங்கதானே வரும், இருந்துட்டுப் போகட்டும்” என்ற அம்மா, படியிறங்கும்போது திரும்பினார்: “தை பொறந்ததும் நீங்க காலி பண்ணிடுவீங்கல்ல?”

முடிவு: அதனுடையது கூடு. பரிமேலழகர் சொன்னது சரி.