சேஃப்டிக்குப் போட்ட கல்லூரி

மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்த மறுநாள் ஊரில் எந்த மின்கம்பமும் சும்மா நிற்காது. 200க்கு 199.5 கட்-ஆஃப் எடுத்த பிள்ளைகள் ஃப்ளெக்ஸில் சிரிப்பார்கள். நடுவில் எந்தத் தேர்வும் எழுதாத தாளாளர், அவர்கள் எல்லோரையும்விட நாலு மடங்கு பெரிதாகச் சிரிப்பார். பிள்ளைகளுக்கு மன உளைச்சல் வேண்டாம் என்று மாநில ரேங்க் அறிவிப்பதை அரசு 2017இலேயே நிறுத்திவிட்டது. ஃப்ளெக்ஸ் அடிப்பவருக்குத்தான் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை.

பொறியியல் கட்-ஆஃப் என்றால் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. இதில் 171 வாங்கிய பையனும் அதே பள்ளியில்தான் படித்தான். அவன் அப்பாவும் அதே ஃபீஸைத்தான் கட்டினார், அதுவும் நகையை வைத்து. ஆனால் ஃப்ளெக்ஸில் 171க்கு இடம் கிடையாது. முதல் நிராகரிப்பு கல்லூரியிலிருந்து வருவதில்லை. பன்னிரண்டு வருஷம் காசு வாங்கிய பள்ளியிலிருந்தே வந்துவிடுகிறது.

அடுத்தது ப்ரௌசிங் சென்டர். தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் எதிர்காலம் கிண்டியிலோ கோட்டையிலோ முடிவாகிறது என்று நினைப்பவர்கள், ஜூலை மாதம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் மெஷினுக்கும் குளிர்பானப் பெட்டிக்கும் நடுவில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பொறியியல் கவுன்சலிங்குக்குக் கல்லூரிகளை வரிசைப்படுத்திக் கொடுக்கிற சாய்ஸ் ஃபில்லிங் அங்கேதான் நடக்கும். 1794இல் தொடங்கிய கிண்டி கல்லூரி முதலில். பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி., மதுரை தியாகராஜர், காரைக்குடி அழகப்பா என்று பையன் திவ்யதேச யாத்திரை போலச் சொல்லிக்கொண்டே வருவான். கடைக்காரர் டைப் அடித்துக்கொண்டே, தலையைத் திருப்பாமல் சொல்வார்: “தம்பி, எதுக்கும் சேஃப்டிக்கு இதையும் கடைசியில போட்டு வெச்சுடுங்க.” பையன் நாலு வருஷம் இருக்கப்போகிற இடத்தை, ஒரு பக்க பிரிண்ட்டுக்கு அஞ்சு ரூபாய் வாங்குகிற மனிதர் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்த ஒரே கல்வி ஆலோசகர் அவர்தான்.

இதற்கு முன்பே அரசு ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் ரேண்டம் எண் ஒன்றைக் கொடுத்திருக்கும். மதிப்பெண்ணிலும் பிறந்த தேதியிலும்கூட இரண்டு பேர் சமமாக நின்றால் அந்த எண் முடிவு செய்யும். லாட்டரிச் சீட்டு மக்களைக் கெடுக்கிறது என்று 2003இல் தடை போட்ட மாநிலம் இது.

அலாட்மென்ட் வந்ததும் திரையில் அஞ்சு வாய்ப்புகள் தெரியும். அதில் எல்லோருக்கும் பிடித்தது ‘அக்செப்ட் அண்ட் அப்வர்ட்’. இதை வாங்கிக்கொள்கிறேன், மேலே ஏதாவது காலியானால் தாருங்கள் என்று பொருள். மேலே எதுவும் காலியாகாது. ஆனாலும் நாலு வருஷமும் மனசு அந்தப் பட்டனிலேயே இருக்கும். வகுப்பில் உட்கார்ந்திருக்கிற அறுபது பேருமே தாங்கள் இங்கே இருக்க வேண்டிய ஆள் இல்லை என்று நினைக்கிறவர்கள் என்றால், பக்கத்து பெஞ்சுக்காரனின் பெயரைக் கேட்கக்கூட யாருக்குத் தோன்றும்?

இதற்கு நடுவே சொந்தக்காரர்கள். “எங்க சேர்ந்திருக்கான்?” என்பார்கள். பெயரைச் சொன்னால், “அப்படி ஒரு காலேஜா? கேள்விப்பட்டதே இல்லையே” என்பார்கள். கேள்விப்படாதது அவர்களுடைய அறியாமை, தலைகுனிவதோ பையன். நாலு கல்யாணத்துக்குப் பிறகு அவனும் தேறிவிடுவான். கல்லூரிப் பெயரை விட்டுவிட்டு “சென்னை பக்கத்துல” என்று சொல்லப் பழகிக்கொள்வான்.

சென்னைக்கு மிக அருகில்தான். மனை விற்கிறவர்கள் சொல்கிற அதே அருகில். காலை ஆறரைக்கு பஸ் ஏறினால் எட்டேகாலுக்கு வரும். பொட்டலுக்கு நடுவில் ஒரு நுழைவாயில், உள்ளே ஒரு கோயில், பிறகு நிறுவனரின் சிலை. 1984இல் சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தபோது, அதுவரை வேறு வேறு வியாபாரங்களில் இருந்த பலருக்கு ஒரே இரவில் கல்வித் தாகம் எடுத்தது. அவர்களெல்லாம் இப்போது கல்வித் தந்தையர், கல்வி வள்ளல்கள். வாங்கிக் குவித்தவருக்கு வள்ளல் என்று பட்டம் கொடுக்கிற தாராளம் நம்மைத் தவிர யாருக்கு வரும்?

நன்கொடை வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1992இலேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் இப்போது யாரும் நன்கொடை வாங்குவதில்லை. டெவலப்மென்ட், ட்ரெயினிங், பிளேஸ்மென்ட், ‘இதர’ என்று வாங்குகிறார்கள். கவுன்சலிங் வழியாக வருகிறவருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற படிப்புக்கு 55,000 என்று 2017இல் கட்டணக் குழு சொன்னது. ‘இதர’வுக்கு எந்தக் குழுவும் இல்லை.

முதல் மூன்று வாரம் அறிமுகப் பயிற்சி. இதை அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தது. புதிதாக வருகிற பிள்ளைகள் சிறு சிறு குழுவாகச் சேர்ந்து, விளையாடி, பாடி, ஊரைச் சுற்றிப் பார்த்து, ஒருவரோடு ஒருவர் பழக வேண்டும் என்பது திட்டம். நம் கல்லூரிகள் இதை ஆடிட்டோரியமாக மாற்றிவிட்டன. காலையில் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர், மாலையில் இன்னொருவர். இருவரும் சொல்வது ஒரே கதை: விமானப்படைத் தேர்வில் எட்டு இடத்துக்கு ஒன்பதாவதாக நின்று திரும்பினாரே, அந்த அப்துல் கலாம். உண்மைக் கதைதான். ஆனால் கலாம் அந்தத் தோல்விக்குப் போகும்போதே குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் முடித்திருந்தார், அங்கே அவருக்குப் பாடம் நடத்த ஆசிரியர்கள் இருந்தார்கள் என்கிற பகுதி பேச்சில் வராது. இந்தக் கல்லூரியில் அதைச் சொன்னால் வம்பு.

ஏன் வம்பு என்றால், 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஒரு பட்டியலை வெளியிட்டது. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகளில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரம் பணியாற்றுவதாகக் கணக்கு. ஒருவர் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில்! மாணவன் ஒரு நல்ல கல்லூரியில் இடம் கிடைக்காமல் திணறுகிறான். பேராசிரியருக்கோ எல்லாக் கல்லூரியிலும் இடம். வருஷா வருஷம் ஆய்வுக் குழு வந்தது, நாற்காலியை எண்ணியது, தலையை எண்ணியது, சாப்பிட்டது, கையெழுத்துப் போட்டது. ஒரே தலையைப் பத்து ஊரில் எண்ணியவர்கள் பெயரை எந்த மின்கம்பத்திலும் காணோம்.

சரி, படிப்புதான் போயிற்று, சிநேகிதமாவது கிடைக்குமா? இங்கேதான் நம் கல்வித் தந்தையரின் மேதைமையைப் பார்க்க வேண்டும். பையன்களுக்கு ஒரு மாடிப்படி, பெண்களுக்கு ஒரு மாடிப்படி. கேன்டீனில் நடுவே தடுப்பு. பஸ்ஸில் முன்பக்கம் பெண்கள், பின்பக்கம் பையன்கள், நடுவில் ‘இன்சார்ஜ்’ என்கிற பெயரில் ஒரு லேப் அசிஸ்டென்ட். அவர் வேலை, யார் யாரைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று பார்ப்பது. சக மாணவியிடம் ரெக்கார்டு நோட்டு கேட்டால் மறுநாள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அப்பா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து, ஏ.சி. அறைக்கு வெளியே இரண்டு மணி நேரம் நின்று, மகன் நோட்டு கேட்ட குற்றத்துக்கு மன்னிப்புக் கேட்பார். பதினெட்டு வயதில் ஓட்டுப் போடலாம், ஆட்சியை மாற்றலாம். மாடிப்படியை மாற்றக் கூடாது.

பையன்களோடு பையன்களாவது பழகலாமா என்றால், கும்பலாக நிற்கக் கூடாது. மூன்று பேர் சேர்ந்தால் கேள்வி. சீனியரிடம் பேசவே கூடாது. முதலாண்டுக்குத் தனிக் கட்டடம், தனிச் சாப்பாட்டு நேரம். கேட்டால் 1997இல் வந்த ராகிங் தடைச் சட்டத்தைக் காட்டுவார்கள். ராகிங்கில் ஒரு மாணவர் கொலையான பிறகு வந்த சட்டம் அது, அவசியமான சட்டம். ஆனால் அது கொடுமை செய்யக் கூடாது என்றுதான் சொன்னது, வணக்கம் சொல்லக் கூடாது என்று சொல்லவில்லை. எந்த வாத்தியார் உண்மையில் நடத்துவார், எந்த பிளேஸ்மென்ட் கம்பெனி கண்துடைப்பு என்பதையெல்லாம் சொல்லக் கூடியவர்கள் சீனியர்கள் மட்டும்தான் என்பது நிர்வாகத்துக்கு நன்றாகத் தெரியும்.

இது போதாதென்று, ஒரு பாடப்பிரிவில் இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பையும் 2024-25இல், தகுதியுள்ள கல்லூரிகளுக்கு என்று சொல்லி, ஏ.ஐ.சி.டி.இ. எடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் சயின்ஸ் ஏ, பி, சி, டி என்று எழுத்து தீரும் வரை போகலாம். சிவிலும் மெக்கானிக்கலும் படுத்த அறைகளில் செயற்கை நுண்ணறிவு குடியேறிவிட்டது. அறை அதுவேதான், ஃபேனும் அதுவேதான். ஆயிரம் பேருக்கு நடுவில் தனியாகச் சாப்பிடுகிற பையனைப் பார்த்து, “இந்தக் காலத்துப் பசங்களுக்குப் பழகவே தெரியல, எல்லாம் போன்ல” என்று நாம் சலித்துக்கொள்கிறோம். அந்த போனையும் காலை ஒன்பது மணிக்கே பிடுங்கி வைத்துவிட்டார்கள் ஐயா!

அக்டோபர் 10, உலக மனநல நாள். அதற்கு மட்டும் இரண்டு மாடிப்படியிலும் பேனர் கட்டுவார்கள். மாவட்டத்துப் பெரிய மனிதர் ஒருவர் குத்துவிளக்கு ஏற்றி, “மனசு விட்டுப் பேசுங்கள், நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளுங்கள்” என்பார். பேசிய இரண்டு பேரை அரங்கத்தின் பின்வரிசையிலிருந்து வெளியே அனுப்புவார்கள். வருகை கட்டாயம், வராதவருக்கு ஃபைன்.

வேண்டாம், இதைவிட ஊரில் உள்ள அரசுக் கலைக் கல்லூரியே மேல் என்று ஒரு பையன் முடிவெடுத்தால் (பல நேரம் மேல்தான்), அவனுடைய மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் ஆபீஸ் பீரோவில் இருக்கும். மிச்ச மூன்று வருஷக் கட்டணத்தையும் கட்டிவிட்டு எடுத்துக்கொண்டு போகச் சொல்வார்கள். அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கல்லூரிக்கு உரிமையே கிடையாது என்று ஏ.ஐ.சி.டி.இ. பல முறை சொல்லியிருக்கிறது. அந்தச் சுற்றறிக்கையும் அதே பீரோவில்தான் இருக்கும்.

தம்பி, தங்கச்சி, உங்களுக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது. பேச்சாளர்கள் சொல்லித் தீர்த்துவிட்டார்கள். உங்களுக்கு நண்பர்கள் அமையாதது உங்கள் சுபாவத்தின் கோளாறு என்று மட்டும் நம்பாதீர்கள். அதற்காகவே சுவர் வைத்து, தடுப்பு கட்டி, ஆள் போட்டு, உங்கள் அப்பாவின் காசிலேயே சம்பளம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். தடுப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் சேஃப்டிக்குப் போட்டு வந்தவர்தான். பேசுங்கள். ஃபைன் போடுவார்கள், நூறோ இருநூறோ. கட்டுங்கள், ஆனால் ரசீது கேளுங்கள். ரசீதுப் புத்தகம் அச்சுக்குப் போயிருக்கிறது என்பார் கிளார்க். உங்கள் சீனியர்கள் சேர்ந்த வருஷமும் அது அச்சில்தான் இருந்தது.