வேலணையில் ஒரு சீனக் கடை

லண்டனிலிருந்து ஆடி மாதம் வந்த பேத்தி மூன்றாம் நாளே புட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அம்மப்பா, சைனீஸ் சிக்கன் இல்லையா?" என்று கேட்டாள். இல்லையென்று சொல்லியிருக்கலாம். வேலணையில் இல்லாதது எத்தனையோ, அதில் இதுவும் ஒன்று என்று பிள்ளை பேசாமல் இருந்திருப்பாள். ஆனால் என் வாய் என்னைக் கேட்டா பேசுகிறது? "நாளைக்கு அம்மப்பா செய்து தாறன்" என்று விட்டது. முப்பது வருடம் வெண்கட்டி பிடித்த கை ஒருநாளும் அகப்பை பிடித்ததில்லை என்பது எனக்கு ஞாபகம் வரவில்லை. மனைவிக்கு வந்தது.

பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் போய் சோயா சோஸ், தக்காளி சோஸ், வினாகிரி எல்லாம் வாங்கிவந்தேன். சீனி வீட்டில் இருந்தது. சீனச் சமையலில் எனக்கு முன்பே பழக்கமான ஒரே சாமான் அதுதான். கோழியும் வீட்டில் இருந்தது: முட்டையிடுவதை நிறுத்தி, என்னைப்போலவே ஓய்வில் இருந்த ஊர்க்கோழி. அப்பச்சோடா தடவி வைத்தால் இறைச்சி மெதுவாகும் என்றார்கள். அரை மணித்தியாலம் வைத்தேன். கோழி கொள்கையை விட்டுக்கொடுக்கவில்லை.

அடுப்பில்தான் விஷயம் இருக்கிறது. சீனக் கடையில் இரும்புத் தாச்சி புகையப் புகையக் காய வேண்டும். அப்போதுதான் இறைச்சி மேலே பொரிந்து அந்தக் கருகல் வாசம் பிடிக்கும். சூடு போதாவிட்டால் விட்ட தண்ணீரிலேயே அவியும். எங்கள் காஸ் அடுப்பில், அதுவும் முழுக் கோழியையும் ஒரேயடியாகக் கொட்டினால், வேறென்ன நடக்கும்? மனைவி எட்டிப் பார்த்து, "இஞ்சாருங்கோ, கோழி குளிக்குது" என்றாள்.

ரோசம் வந்து முற்றத்தில் மூன்று கல் வைத்து, பன்னாடையும் ஊமலும் போட்டு மூட்டினேன். ஊமல் நெருப்பைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சோழகக் காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை என் வலது புருவம் இருந்த இடம் சொல்லும்.

சோஸ் தடிக்க வேண்டிய நேரத்தில்தான் கோர்ன் ப்ளவரை வாங்க மறந்தது தெரிந்தது. கல்கத்தாவில் பிறந்த நெல்சன் வாங் 1975இல் பம்பாயில் இஞ்சி, உள்ளி, பச்சைமிளகாயோடு சோயா சோஸைச் சேர்த்துத்தான் சிக்கன் மஞ்சூரியனைக் கண்டுபிடித்தாராம். மஞ்சூரியாவுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் கிடையாது. பம்பாயில் செல்லுமென்றால் வேலணையில் செல்லாதோ? கூழைத் தடிக்க வைப்பது ஒடியல் மா. சோஸ் மட்டும் என்ன உசத்தி? இரண்டு கரண்டி அள்ளிப் போட்டேன். ஊறவிட்டுக் கைப்பை இறக்கிய பிறகுதான் போட வேண்டும் என்பதை மனைவி பிறகு சொன்னாள். அவள் எப்போதும் பிறகுதான் சொல்வாள்.

தாச்சியில் மண்ணிறமாக ஏதோ கொப்புளித்தது. பேத்தி ஒரு வாய் வைத்துவிட்டு, வளர்த்த வளர்ப்பு அப்படி, "நைஸ், அம்மப்பா" என்றாள். மனைவி, "நண்டு போடேல்லையோ?" என்றாள்.

பிறகு தாச்சியைக் கிணற்றடிக்குத் தூக்கிப்போய், துண்டு துண்டாகச் சீனாவைக் கழுவி ஊற்றி, தேங்காய்ப்பாலும் தூளும் விட்டு அடுப்பேற்றினாள். அன்றிரவு பேத்தி புட்டு இரண்டாம் தரம் கேட்டாள்.

கழுவி ஊற்றிய சோஸை மிச்சக் கோழிகள் வந்து ஒரு கொத்துக் கொத்திப் பார்த்துவிட்டு நடையைக் கட்டின. செத்துப்போனவள் அவையளின்ரை சொந்தக்காரி, அந்த மரியாதை என்றேன் நான்.

"இல்லை, கைக்குது" என்றாள் மனைவி.