ஆரணியில் ஏறிய வண்டிகள்

ஆரணி ஊருக்குள் ரயில் வராது. ‘ஆரணி ரோடு’ என்று பெயர் எழுதிய நிலையம் 10 கிலோமீட்டருக்கும் அப்பால் களம்பூரில் இருக்கிறது. விழுப்புரம்–காட்பாடி பாதையில் மீட்டர் கேஜ் வண்டி ஓடிய காலத்திலும் அங்கேதான் இறங்கினோம். அகலப்பாதை வந்த பிறகும் அங்கேதான் இறங்குகிறோம். திண்டிவனத்திலிருந்து வந்தவாசி, செய்யாறு, ஆரணி வழியாக நகரிக்குப் புதிய பாதை என்று அறிவித்து ஏறக்குறைய 20 ஆண்டுகள் ஆகின்றன. எங்கள் ஊரில் இன்னும் தண்டவாளத்தைக் காணோம். அதனால் யார் ஊருக்குள் வந்தாலும், எந்த மூட்டை வெளியே போனாலும், வாடகை வண்டியை நம்பித்தான் ஆக வேண்டும். அந்த வண்டிகளில் யார் ஏறினார்கள், யார் ஏற முடியாமல் நடந்தார்கள் என்பதைச் சொன்னாலே ஆரணியின் கதையில் பாதியைச் சொன்ன மாதிரி.

நான் சிறுவனாக இருந்த எழுபதுகளில் எங்களுக்கு வண்டி என்றால் ஜட்காதான். பலகையின் மேல் வைக்கோல் பரப்பி, அதன்மேல் கோணியோ ஜமக்காளமோ விரித்திருப்பார்கள். ஏறியதும் ஜட்காக்காரர் எடை பார்ப்பார். பின்பக்கம் பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே தூக்கும், குதிரைக்கு வயிற்றுப் பட்டை இறுகும். “பெரியம்மா, கொஞ்சம் முன்னால நகுந்து குந்துங்க” என்பார். எல்லாரும் காலை மடக்கி முன்னால் நகர்ந்த பிறகுதான் வண்டி கிளம்பும். கூட்டத்தில் போகும்போது சாட்டைக் குச்சியைச் சக்கரத்து ஆரங்களில் கொடுப்பார். அந்தச் சடசடப்புதான் ஹார்ன்.

விடியற்காலையில் நெசவாளர் தெருக்களில் பாவு நீட்டியிருப்பார்கள். புடவைகளுக்கான இழைகளைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்த இழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போடுவார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டிய வேலை. ஜட்கா அந்தத் தெருமுனைக்கு வந்தால், ஜட்காக்காரர் தானாகவே கடிவாளத்தை இழுத்து வேறு தெருவுக்குத் திருப்பிவிடுவார். வண்டியில் இருப்பவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் ஒரு வார்த்தை பேச மாட்டார். பாவுக்குத்தான் முதல் மரியாதை.

ஆனால் அந்தப் பாவுக்குச் சொந்தக்காரர் ஜட்காவில் ஏறி நான் அதிகம் பார்த்ததில்லை. ஜட்கா சென்னையிலிருந்து வந்த வியாபாரிக்கும், கல்யாணப் பட்டு எடுக்க வந்த குடும்பத்துக்கும், உள்ளூர்ப் பட்டு முதலாளி வீட்டாருக்கும் உரியது. நெசவாளர் ஒரு வாரமோ பத்து நாளோ தறிக் குழியில் கால் விட்டு உட்கார்ந்து நெய்து முடித்த புடவையை வெள்ளைத் துணியில் சுற்றி, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பக்கத்து ஊர்களான சேவூரிலிருந்தும் முள்ளிப்பட்டிலிருந்தும் நடந்தே வருவார். முதலாளி வீட்டுத் திண்ணையில் காத்திருந்து, எடை போட்டு, குறை சொல்லக் கேட்டு, கூலியை வாங்கிக்கொண்டு அடுத்த பாவுக்கான பட்டும் சரிகையுமாக நடந்தே திரும்புவார். பட்டு வண்டியில் போனது. அதை நெய்தவர் நடந்தார். பழைய நாட்களைப் பற்றி இனிமையாகப் பேசும் எல்லாரும் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்‌ஷா 1973இல் ஒழிக்கப்பட்டு, இழுத்தவர்களுக்குச் சைக்கிள் ரிக்‌ஷா கொடுக்கப்பட்டது. எங்கள் ஊரிலும் மெல்ல மெல்ல ஜட்காக்கள் குறைந்து மூன்று சக்கர சைக்கிள் ரிக்‌ஷாக்கள் பெருகின. கர்ப்பிணிப் பெண்களும் வயதானவர்களும் ஆஸ்பத்திரிக்கு அதில்தான் போனார்கள். கமண்டல நாகநதிப் பக்கம் மேடு வந்தால் ரிக்‌ஷாக்காரர் இறங்கித் தள்ளுவார். உள்ளே இருப்பவரில் நடக்க முடிந்தவரும் இறங்கி நடப்பார். யாரும் சொல்லிக் கொடுத்து வந்த பழக்கம் இல்லை அது.

அம்பாசடர் டாக்ஸி வேறு உலகம். அதை எல்லாரும் ‘பிளஷர்’ என்றுதான் சொல்வார்கள். பிளஷர் தெருவுக்குள் வந்தால் ஒன்று கல்யாணம், இல்லையென்றால் ஆபத்து. ஆடி வெள்ளிக்குப் படவேடு ரேணுகாம்பாள் கோயிலுக்கு நாலைந்து வீட்டார் பணம் போட்டுப் பிடிப்பார்கள். பொங்கல் பானையும் விறகும் டிக்கியில், குழந்தைகள் மடியில். ஆபத்து என்றால் வேலூர். ஆரணியிலிருந்து வேலூர் ஏறக்குறைய 40 கிலோமீட்டர். நடுராத்திரியில் பிரசவம் சிக்கலானால், யாராவது சைக்கிளில் ஓடி டாக்ஸிக்காரர் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். அவர் எழுந்து சட்டை மாட்டி, வண்டியைத் தள்ளிக் கிளப்பி வருவதற்குள் வீட்டில் இருப்பவர்கள் உயிரைக் கையில் பிடித்திருப்பார்கள். வாடகைப் பணத்துக்குத் தாலிக்கொடியை அடகு வைத்த வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. காசு இல்லாததால் விடியட்டும் என்று காத்திருந்து தாயை இழந்த வீடும் உண்டு. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டுக்கு 108 ஆம்புலன்ஸ் வந்தது. அந்த நள்ளிரவுக் கதவுத் தட்டல் அதோடு நின்றது. என் வாழ்நாளில் எங்கள் ஊர்ச் சாலையில் நடந்த மாற்றங்களில் இதைவிடப் பெரியது வேறு எதுவும் இல்லை.

எண்பதுகளில் ஆட்டோ வந்தது. 1989இல் வட ஆற்காடு மாவட்டம் பிரிந்து நாங்கள் திருவண்ணாமலை மாவட்டத்துக்குள் வந்தோம். கலெக்டர் ஆபீஸ் வேலை என்றால் வடக்கே வேலூர் போன கால்கள் தெற்கே திரும்பின. பேருந்து நிலையத்தைச் சுற்றி ஆட்டோக்கள் பெருகின. அதன் பிறகு டீசல் ஷேர் ஆட்டோ வந்தது. தனியாகப் பிடித்தால் கொடுக்க வேண்டிய பணத்தில் சிறு பங்கைக் கொடுத்து ஓர் இடத்தில் உட்காரலாம் என்ற நிலை வந்ததும்தான் நெசவாளர் முதல் தடவையாக வாடகை வண்டியில் ஏறினார். பேருந்து நிலையத்தில் இன்று நின்று பாருங்கள். “சேவூர், சேவூர்… ஏறும்மா, எடம் இருக்கு” என்ற குரல் ஓயாது. மடியில் துணி மூட்டையோடு நெசவாளர், பக்கத்தில் பொன்னி அரிசிப் பையோடு ஒரு பாட்டி, எதிரே கல்லூரி மாணவிகள். அன்று முதலாளிக்கு மட்டும் உரியதாக இருந்த இடம் இன்று எல்லாருக்கும் உரியது.

பெண்களின் பயணம்தான் அதிகம் மாறியிருக்கிறது. என் அம்மா தனியாக வண்டி ஏறியதே இல்லை. துணைக்கு நானோ பக்கத்து வீட்டுப் பையனோ போக வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பேருந்து நேரத்துக்கு வந்தால் அதில், வராவிட்டால் ஷேர் ஆட்டோவில் என்று பெண்கள் தாங்களே முடிவெடுத்துப் போகிறார்கள். செய்யாறு சிப்காட் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போகும் இளம்பெண்களைக் காலையில் தெருமுனைகளில் பார்க்கலாம். அவர்களில் பலருடைய பாட்டிகள் வீட்டுக்குள் ராட்டினத்தில் பட்டு சுற்றியே ஆயுளைக் கழித்தவர்கள்.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். இன்று அந்த ஆட்டோக்களை ஓட்டுபவர்களில் பலர் தறியை விட்டு வந்தவர்கள். ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “ஒரு பொடவைக்குப் பத்து நாள் குந்தணும் சார். அப்பறம் முதலாளி எப்ப கூப்புடுவாருன்னு பாக்கணும். வண்டின்னா சாயந்திரமே கையில காசு” என்றார். தறியில் இப்போது அவர் மனைவி மட்டும் உட்காருகிறாராம். பட்டு நூலும் சரிகையும் விலை ஏறும்போதெல்லாம் கூலி அதே வேகத்தில் ஏறியதில்லை. பட்டுப் புடவை உள்ளிட்ட ரகங்களைக் கைத்தறிக்கே ஒதுக்கி 1985இல் சட்டம் வந்தது. ஆனாலும் விசைத்தறிப் புடவை கைத்தறி என்ற பெயரில் கடைக்கு வருவது நிற்கவில்லை. ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு, பெயர் உண்டு. அந்தப் பெயரை நெய்து கொடுத்த கைகள் ஆட்டோ ஹேண்டிலுக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பாவு நீட்டும் தெருக்கள் குறைந்துவிட்டதால் இப்போது எந்த வண்டியும் திரும்பிப் போக வேண்டியதில்லை. அதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஜட்காக் காலம் திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நெசவாளர் நடந்த காலம் அது. இன்று அவர் ஏறுகிறார், அவர் மனைவி ஏறுகிறார், மகள் வேலைக்குப் போகிறாள். இது முன்னேற்றம்தான். ஆனால் தறியில் உட்கார்ந்தால் குடும்பம் நடக்காது என்பதற்காக ஒருவர் வண்டி ஓட்டுவதும், வண்டி ஓட்டப் பிடித்து ஒருவர் ஓட்டுவதும் ஒன்றல்ல. அந்தத் தேர்வு நெசவாளர் கையில் இருக்க வேண்டும். அதற்குக் கூலி உயர வேண்டும்.

ஊருக்குள் செய்ய வேண்டியவையும் இருக்கின்றன. சாதாரண ஆட்டோவுக்கு மூன்று பேருக்குத்தான் பெர்மிட். ஓட்டுநர் இருக்கையின் ஓரத்தில்கூட ஆள் தொங்கும் அளவுக்கு ஏற்றுவதைப் பள்ளிப் பிள்ளைகள் விஷயத்திலாவது உடனே நிறுத்த வேண்டும். கட்டணப் பலகை ஒன்று பேருந்து நிலையத்தில் கண்ணில் படும்படி இருந்தால் வெளியூர்க்காரரும் ஏமாற மாட்டார், ஓட்டுநரும் வீண் பழி சுமக்க மாட்டார். 1997இல் தொடங்கிய மினி பேருந்துத் திட்டம் 2025இல் புது வடிவில் மீண்டும் வந்திருக்கிறது. ஆரணியைச் சுற்றியுள்ள நெசவுக் கிராமங்களுக்கு அது ஒழுங்காக வந்து சேர வேண்டும்.

பட்டு வாங்க ஆரணிக்கு வருகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். களம்பூரில் இறங்கினாலும் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும், ஆட்டோ ஓட்டுபவரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். அவர் வீட்டில் தறி இருந்ததா என்று கேளுங்கள். இருந்திருந்தால், கைத்தறிப் புடவையின் கரையோரத்தில் தறியில் இழுத்துப் பிடித்ததால் விழும் ஊசித் துளைகளை எப்படிப் பார்ப்பது என்று அவரே சொல்லித் தருவார். கடையில் சில்க் மார்க் முத்திரையும் கைத்தறி முத்திரையும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், சொன்ன விலையைக் கொடுத்து வாங்குங்கள். அந்த விலை குறையும்போது முதலில் குறைவது நெய்தவரின் கூலி.