முந்தி ஏறினால் முந்திப் போகலாமா?

கேள்வி: கனடாவிலுள்ள மகள் எங்கள் இருவரையும் அமெரிக்காவிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் கூட்டிப்போகிறா. வரிசையில் முதலில் ஏற மேலதிகக் கட்டணமாம். கட்டலாமோ?
– ஒரு வாசகர், வட்டுக்கோட்டை

பதில்: நயினாதீவுத் திருவிழாக் காலத்தில் குறிகட்டுவானில் படகு ஏறிய உங்களை எந்த வரிசை பயமுறுத்தப் போகிறது? அங்கே பிந்தினால் அடுத்த படகுதான். உல்லாசக் கப்பலிலோ கடைசியாக ஏறுபவருக்கும் கட்டில் பதிவாகியிருக்கும். ஆயிரம் பேரை முந்தினாலும் கப்பல் அதே மாலையில்தான் புறப்படும். முந்தியவருக்கு முதலில் கிடைப்பது பஃபே சாப்பாடு. அறைகள் பெரும்பாலும் மதியத்துக்குப் பிறகே தயாராகும். அதுவரை கைப்பையோடு மேல்தளத்தில் உலாவ வேண்டியதுதான்.

ஆகவே காசுக்கு என்ன கிடைக்கிறது என்று மகளை விசாரிக்கச் சொல்லுங்கள். கார்னிவல் நிறுவனத்தின் 'ஃபாஸ்டர் டு த ஃபன்' திட்டத்தில் ஏறியவுடன் அறைக்குப் போகலாம், பெட்டிகளும் முந்தி வரும். கட்டணம் தலைக்கல்ல, அறைக்கு. நெடுந்தூரம் பறந்து வரும் வயதானவர்களுக்கு அந்தக் கட்டில் பெரிய ஆறுதல். தாராளமாகக் கட்டுங்கள். வெறும் வரிசைக்கு மட்டுமென்றால் வேண்டாம். முழங்கால் வலி இருந்தால் சக்கர நாற்காலி உதவியை முன்கூட்டியே பதியச் சொல்லுங்கள்.

என் ஆசை வேறு. 2023 ஜூனில் சென்னையிலிருந்து கோர்டீலியா உல்லாசக் கப்பல் காங்கேசன்துறைக்கே வந்தது. மகளும் ஒருமுறை இங்கே வரட்டும். காரைநகரிலிருந்து ஊர்காவற்றுறைக்குக் கடலைக் கடக்கும் 'பாதை' என்ற மிதவையில் கூட்டிப்போங்கள். முந்தி ஏறினாலும் பிந்தி ஏறினாலும் கட்டணமே இல்லை.