டால்பினோடு ஒரு நாள்

சுறுசுறுப்பான குடும்பச் சுற்றுலாக்களுள் டால்பினோடு நீந்துவது தலையாயது. குடும்பம் இடுப்பளவு நீரில் அசையாமல் நிற்கும். சுறுசுறுப்பு முழுவதும் டால்பினின் பொறுப்பு.

கடலில் நாள்தோறும் பல கிலோமீட்டர் திரியும் விலங்கு அது. அந்த வீண் அலைச்சலைத் தீர்க்கவே, சாலமன் தீவுகளில் பிடிபட்ட 27 டால்பின்களைச் சிங்கப்பூரின் ரிசார்ட்ஸ் வேர்ல்டு செந்தோசா வாங்கியது. சில லங்காவியில் தங்கவைக்கப்பட்டன. அவற்றில் இரண்டு 2010-இல் அங்கேயே இறந்தன. மற்றவை பிலிப்பைன்ஸில் பயிற்சி பெற்று விமானம் ஏறின. 2012 நவம்பரில் ஒன்று நடுவானில் உயிர்விட்டது. கடல்வாழ் உயிரை இவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோனவர் எவருமில்லை.

டால்பின் அறிவாளி என்று சொல்லி 2013-இல் இந்தியா டால்பின் காட்சியகங்களுக்குத் தடை போட்டது. அறிவு இருப்பதால்தானே வளையத்துக்குள் பாயக் கற்கிறது! தவிர, தாடையின் அமைப்பால் அது எந்நேரமும் சிரித்த முகம். பசித்தாலும் சிரிப்பு, நோயுற்றாலும் சிரிப்பு. வாடிக்கையாளர் சேவைக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

குடும்பச் சுற்றுலா மலைக்கும் போகும். மலேசியாவின் கேமரன் மலையிலுள்ள கியா பார்மில் பட்டாம்பூச்சிப் பண்ணை உண்டு, ஸ்ட்ராபெர்ரித் தோட்டம் உண்டு, காய்கறிச் சந்தை உண்டு. இல்லாதது கடல் மட்டுமே. ஆயினும் பள்ளி விடுமுறையில் பிரிஞ்சாங்கிலிருந்து ஊர்ந்து வரும் கார்களில் டால்பின் காட்சியகத்தின் ஏற்பாடுகள் குறைவின்றி உள்ளன: கண்ணாடிச் சுவர், திரும்ப இடமில்லாத நெருக்கம், அவ்வப்போது வாயில் தீனி, கைபேசி உயர்ந்ததும் கட்டாயச் சிரிப்பு. சீட்டு வாங்கிப் பார்க்க டால்பின்கள்தாம் இன்னும் வந்துசேரவில்லை.