இறுகிப்போன வால்வு மூடியைக் கழற்றுவது எப்படி?

முதலில் மூடி இறுக வேண்டும். இறுகாத மூடியைக் கழற்றக் கையேடு எதற்கு? எட்டு வயதுப் பையன் இரண்டு விரலால் திருகி எடுத்துவிடுவான். ஆகவே, டெட்ராய்ட் பக்கம் கார் கம்பெனி வேலைக்குப் போய், வீட்டுக்கு அனுப்பியதுபோக மிச்சம் பிடித்து, பழைய ஷெவர்லே கார்வெட் ஒன்றை வாங்கியிருக்கும் தம்பிகள் செய்ய வேண்டிய முதல் காரியம், சக்கரத்தில் ஏற்கெனவே இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடிகளைக் குப்பையில் போடுவது. அவற்றுக்கு அழகு போதாது. அதைவிடப் பெரிய குறை, அவை இறுகிக்கொள்வதே இல்லை. பதிலுக்குப் பந்தயக் கொடி பொறித்த பளபள உலோக மூடி நான்கு வாங்குங்கள். பித்தளையில் செய்து குரோமியம் பூசியது விசேஷம். அலுமினிய மூடியும் சளைத்ததல்ல. ‘சக்கரம் சுற்றும்போது அது யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது?’ என்று கேட்பவர்களோடு கார் பற்றிப் பேசாதீர்கள்.

அடுத்து வேண்டியது உப்பு. இந்த விஷயத்தில் மிச்சிகன்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள். டெட்ராய்ட் நகரத்துக்கு அடியில், சுமார் 1,200 அடி ஆழத்தில், ஓர் உப்புச் சுரங்கமே இருக்கிறது. மேலே கார் செய்கிறார்கள். கீழே அதை அரிப்பதற்கான உப்பை வெட்டுகிறார்கள். பனிக்காலத்தில் சாலையில் கொட்டுவது அந்த உப்புதான். விவரம் தெரிந்தவர்கள் பனி தொடங்குமுன் காரைக் கராஜில் போர்த்தி வைத்துவிட்டு, வசந்த மழை சாலையைக் கழுவிய பிறகே வெளியே எடுப்பார்கள். நீங்கள் மார்ச் மாதம் முதல் வெயில் அடித்த அன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஒரு சுற்று சுற்றிவிட்டு, கழுவாமல் நிறுத்துங்கள்.

இனி உங்களுக்கு வேலையில்லை, வேதியியல் பார்த்துக்கொள்ளும். சாதாரணக் காரில் வால்வு என்பது ரப்பர் போர்த்திய தண்டு. 1997இல் வந்த ஐந்தாம் தலைமுறை கார்வெட்டில் அப்படியில்லை. அதன் வால்வுத் தண்டு அலுமினியம். அதன் அடியில், டயருக்குள்ளே, காற்றழுத்தத்தை அளந்து வானொலி அலையில் சொல்லும் சென்சார். காரணம் உண்டு. அந்தக் காருக்கு ஸ்டெப்னி கிடையாது. காற்றே இல்லாவிட்டாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடிய தடித்த பக்கச்சுவர் டயர்கள் அதில் வருகின்றன. காற்று இறங்கியது பார்வைக்குத் தெரியாது, யாராவது சொல்ல வேண்டும், அதற்குத்தான் சென்சார். 1986இலேயே போர்ஷ 959 இப்படி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் கிழிந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்கள் கவிழ்ந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, 2007 செப்டம்பரிலிருந்து எல்லாப் புதுக் கார்களுக்கும் இது போன்ற எச்சரிக்கை ஏற்பாடு கட்டாயம் ஆயிற்று. உயிர் காக்கும் பொருள்தான். அதன் தலையில்தான் நீங்கள் பித்தளைத் தொப்பி போட்டிருக்கிறீர்கள்.

பித்தளையும் அலுமினியமும் கல்யாணப் பந்தலில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த சம்பந்திகள். ஈரம் இல்லாதவரை சிரித்த முகம். உப்புத் தண்ணீர் நடுவில் வந்தால் கதை வேறு. இரண்டும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி ஆகிவிடும். அதில் கரைவது அலுமினியம். கரைந்தது வெள்ளைப் பொடியாகப் பூக்கும். பூத்த பொடிக்கு உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும். மரையின் இடுக்கில் இடம் ஏது? நெருக்கிப் பிடித்துக்கொள்ளும். அலுமினியத் தண்டுக்குள் காற்றை அடைத்து வைக்கும் ‘கோர்’ என்ற சின்னத் திருகுக்கு நிக்கல் முலாம் பூசுவது இதனால்தான். முலாம் இல்லாத வெறும் பித்தளைக் கோரை எந்தக் கடையிலாவது மாட்டிவிட்டால் உங்களுக்கு இரட்டிப்பு லாபம். வெளியே மூடி, உள்ளே கோர், இரண்டும் வராது.

இப்போது கழற்றலாம். வீட்டில் இருப்பதிலேயே பெரிய கட்டிங் பிளேயரை எடுங்கள். மூடியைக் கவ்வி, பல்லைக் கடித்து, ஒரே திருகாகத் திருகுங்கள். தண்டை இன்னொரு கையால் பிடித்துக்கொள்ள வேண்டாம். பிடித்தால் மூடி மட்டும் தனியாகக் கழன்றுவிடும் அபாயம் உண்டு. பிடிக்காவிட்டால் மூடியோடு தண்டும் முறுக்கிக்கொண்டு, மெல்லிய அலுமினியம் பட்டென்று ஒடியும். காற்று சீறும். உள்ளேயிருந்து குரல் வரும்: “என்னங்க அது சத்தம்?” “காத்து செக் பண்றேன்மா” என்று சொல்லுங்கள். அதில் பொய் எதுவும் இல்லை.

மூடி கழன்றுவிட்டது. கூடவே வால்வும். காற்றில்லாமல் ஓடும் டயர்தானே என்று அப்படியே ஓட்டிக்கொண்டு கடைக்குப் போகலாம் என்று தோன்றும். ஆனால் தண்டு ஒடிந்ததால் பிடிமானம் போன சென்சார் டயருக்குள் உதிர்ந்து கிடக்கிறது. வண்டி நகர்ந்தால் அது உள்ளே உருண்டு நொறுங்கும். லாரியில் ஏற்றிக்கொண்டுதான் போக வேண்டும். தெருக்காரர்கள் பார்ப்பார்கள், கையசையுங்கள்.

பொறுமைசாலிகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அதில் வீரம் எதுவும் கிடையாது என்பதால் சுருக்கமாகச் சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் விஷயமெல்லாம் அங்கேதான் இருக்கிறது. துரு இளக்கும் எண்ணெயைச் சொட்டுவிட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுவது. மறுநாள் சின்னக் குறடு ஒன்றால் தண்டை அசையாமல் பிடித்து, இன்னொன்றால் மூடியை அரைக்கால் சுற்று முன்னும் பின்னும் அசைப்பது. வராவிட்டால் வெப்பத்தைத் துணைக்குக் கூப்பிடுவது. இங்கே ஒரு நுட்பம். பித்தளையைவிட அலுமினியம் சூட்டில் அதிகம் விரியும், குளிரில் அதிகம் சுருங்கும். கோர் உள்ளே, தண்டு வெளியே என்றால் சூடு காட்டினால் பிடி தளரும். முடி காய வைக்கும் டிரையர் போதும். பித்தளை மூடி வெளியே, தண்டு உள்ளே என்றால் சூடு எதிரி, பனிக்கட்டி நண்பன். வித்தியாசம் இம்மியளவுதான், ஆனால் பூத்துப்போன பொருக்கு விரிசல் விட அது உதவும். தீப்பந்து கக்கும் டார்ச்சைக் கொண்டுவர வேண்டாம். ரப்பர் வாஷர், டயர், சென்சாரின் பேட்டரி மூன்றும் அடுத்தடுத்து இருக்கின்றன.

அதற்கும் மசியாத மூடியை ஆக்ஸா பிளேடால் நெடுக்குவாக்கில், மரையைத் தொடாமல், கீறிவிட வேண்டும். கீறலில் ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்துத் திருப்பினால் மூடி வாய் பிளக்கும். மூடி போனது, தண்டு பிழைத்தது. 30 பிஎஸ்ஐ காற்று உள்ளே இருக்கிறது என்பதால் முகத்தை மட்டும் நேரே நீட்டாதீர்கள்.

தண்டை ஒடித்தவர்களுக்குக் கடையில் மிச்ச வேலை காத்திருக்கிறது. டயரை ரிம்மிலிருந்து பிரிக்க வேண்டும். புது சென்சாரைப் பொருத்தி அந்தத் தடித்த டயரைத் திரும்ப மாட்டும்போது கவனம் பிசகினால் அதுவும் போய்ச் சேரும். பிறகு பேலன்ஸிங். பிறகு ‘நான்தான் புது சென்சார்’ என்று காருக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டும். ஐந்தாம் தலைமுறை கார்வெட்டில் இதற்கு ஒரு காந்தம் போதும்: முன் இடது, முன் வலது, பின் வலது, பின் இடது என்ற வரிசையில் வால்வின் மேல் வைத்துக்கொண்டே வந்தால் ஒவ்வொன்றுக்கும் ஹார்ன் ஒருமுறை ஒலிக்கும். வரிசை பிசகினால் எந்தச் சக்கரத்தில் காற்று இறங்கியது என்று கார் தப்பாகச் சொல்லும்.

இந்த வால்வுக்குப் பெயர் தந்த ஆகஸ்ட் ஷ்ரேடர் நியூயார்க்கில் கடலில் மூழ்குவோருக்கான சாதனங்கள் செய்துகொண்டிருந்தவர். அவர் பெயரில் 1890களில் வந்த இந்த வால்வு, நம்மூர் பைக்கிலிருந்து கார்வெட் வரை இன்றும் ஒரே மரை. எனவே சொந்தக் காரின் தண்டை ஒடித்தவர் அதே மூடியைத் தம்பியின் பைக்குக்கு அன்பளிப்பாக அனுப்பிவைக்க முடியும். அனுப்ப வேண்டாம். டயர் கடையில் கேட்டால் நான்கு பிளாஸ்டிக் மூடிகளைக் காசு வாங்காமலே கொடுப்பார்கள். வாங்கி மாட்டுங்கள், தம்பி. விரலால் திருகும் அளவுக்கு மட்டும்.